மலை வேன்: தாப்பாவிலிருந்து தித்திவங்சா உச்சிக்கு ஒரு நாள்

மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள தாப்பா நகரில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடந்துவரும் சேவை ஒன்று உண்டு. ஊரார் அதை ‘மலை வேன்’ என்று அழைக்கின்றனர். எட்டுப் பயணிகள் அமரக்கூடிய ஒரு வேன், அதை ஓட்டும் தமிழர் ஒருவர், வழிகாட்டியாக உடன்வரும் செமாய் பூர்வக்குடி இளைஞர் ஒருவர். நிறுவனம் என்று சொல்ல இவ்வளவுதான். விடியுமுன் 5.30 மணிக்குத் தாப்பாவில் ஏற்றிக்கொண்டு, பழைய மலைச்சாலை வழியாகக் குனோங் பிரிஞ்சாங் உச்சி வரை அழைத்துச் சென்று, மாலையில் ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடுகின்றனர். பெரியவர்களுக்கு 190 வெள்ளி (ரிங்கிட்), 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். சொந்தக் காரில் கேமரன் மலைக்குப் போய்வர ஆகும் எண்ணெய்ச் செலவை அறிந்தவர்கள், இந்தக் காசுக்கு அப்படி என்ன கிடைத்துவிடப் போகிறது என்று கேட்பது நியாயமே. ஸ்ட்ராபெரித் தோட்டமும் இரவுச் சந்தையும் மட்டுமே வேண்டுவோருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்துப் பிள்ளைகளாக வளர்ந்த நம்மில் பலருக்குத் தித்திவங்சா மலைத்தொடர் என்பது கிழக்கு வானத்தில் நாள்தோறும் தெரியும் ஒரு நீல வரம்பு மட்டுமே. பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் என்று எந்த ஊரில் நின்று பார்த்தாலும் அது அங்கே இருக்கிறது. பால்மரக் காடுகள் செம்பனைக் காடுகளாக மாறிய பின்பும் இருக்கிறது. ஆனால் அதன் மீது ஏறுகிறவர்கள் பெரும்பாலும் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் அகன்ற புதுச் சாலையில் விரைந்து ஏறி, நெகிழித் தாள் கூரையிட்ட காய்கறிப் பண்ணைகளுக்கு நடுவே இறங்கி, “கேமரன் கெட்டுப் போய்விட்டது” என்று சொல்லித் திரும்பிவிடுகின்றனர். மலையின் அடிவாரத்தையும் இடுப்பையும் பாராமல் தோளை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்பு அது. இந்தச் சேவையின் தனிச்சிறப்பு, மலையை உயரத்தின் வரிசைப்படி, கீழிருந்து மேலாக, ஒரு முழுமையாகக் காட்டுவதில்தான் உள்ளது. நிறுத்தங்களைத் தேர்ந்தவர் யாராக இருந்தாலும் காட்டைப் படித்தவராக இருக்க வேண்டும்.

அந்த வரிசைக்கு அடிப்படையானது எளிய ஓர் உண்மை. 100 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் என்ற அளவில் வெப்பம் குறைகிறது. தாப்பாவின் சமவெளியிலிருந்து சுமார் 2,030 மீட்டர் உயரமுள்ள குனோங் பிரிஞ்சாங் உச்சிக்குச் செல்வதற்குள் 12 பாகை அளவுக்குக் குளிர்ந்துவிடும். ஓட்டுநர் தமது முகப்புப் பலகையில் மலிவான வெப்பமானி ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதைப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார். புறப்படும்போது 25 காட்டிய அது உச்சியில் 13-இல் நின்றது. வகுப்பறையில் கேட்டு மறந்துபோன பாடம் ஒன்று, உடன்வந்த பிள்ளைகளுக்கு அன்று தோலில் ஏறியது.

முதல் நிறுத்தம் ஊரை விட்டு அதிக தூரம் செல்லுமுன், தாழ்நிலக் காட்டின் ஓரத்தில். 300 மீட்டருக்குக் கீழே உள்ள இக்காடு தீபகற்பத்தில் பெரும்பாலும் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டுவிட்டதால், சாலையோரம் எஞ்சியிருக்கும் துண்டுகளைக் காண்பதே அரிது. வழிகாட்டி இங்கே ஓர் ஈப்போ மரத்தைக் காட்டினார். அதன் பட்டையைக் கீறினால் வடியும் பாலைக் காய்ச்சித்தான் அவருடைய முன்னோர் ஊதுகுழல் அம்புகளின் முனையில் பூசினர். எங்களுடன் வந்திருந்த பாட்டி ஒருவர், இளவயதில் பீடோர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர், மரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எங்கள் மரத்தில் வெட்டு இந்தச் சாய்வில் இருக்காது, தம்பி” என்றார். ஓட்டுநர் அதை மலாயில் எடுத்துச் சொல்ல, வழிகாட்டி பாட்டியிடம் கத்தி பிடிக்கும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மரங்களைப் பற்றி ஒருவர் பேச எட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருக்கும் பயணம் இதுவன்று என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அதற்கு மேலே 300 முதல் 750 மீட்டர் வரையிலான குன்றுக்காடு. காலைப் பசியாறலுக்காக வேன் நிற்கும் வளைவு இந்தப் பகுதியில் இருக்கிறது. வாழையிலையில் கட்டிய நாசி லெமாக்கும் வெந்நீர்க் குடுவையில் தேநீரும் தருகின்றனர். சம்பால் காரம் சற்றுக் கூடுதல், குறை சொல்வதற்கில்லை. உணவைக் காட்டிலும் அந்த வளைவிலிருந்து தெரியும் எதிர்மலையின் முகட்டைக் கவனிக்கும்படி வழிகாட்டி சொன்னார். பச்சைக்குள் பச்சையாகக் கிடக்கும் காட்டில், முகடுகளின் விளிம்பில் மட்டும் சாம்பல் நீலம் பூத்த தலைகளோடு மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவை செராயா மரங்கள், மெராந்திகளின் உறவு. நீர் விரைவில் வடிந்துவிடும் முகட்டு மண்ணில் இந்த மரம் பிற மரங்களை விஞ்சி வளர்வதால், தொலைவிலிருந்தே மலையின் எலும்புகளைக் கோடிட்டுக் காட்டுவதைப் போல் தெரிகிறது. ஒருமுறை இதைக் கற்றுக்கொண்ட கண்ணுக்கு, நெடுஞ்சாலையில் போகும்போதுகூட மலைமுகடுகள் வெறும் நீலமாகத் தெரிவதில்லை. இந்த ஒரு பாடத்துக்கே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

லாத்தா இஸ்கண்டார் அருவியில் கால்மணி நேரம் நிறுத்துகிறார்கள். சாலையை ஒட்டியே விழும் அருவி, ஆகவே கூட்டம். கடைகளில் விற்கும் பொருள்களும் எங்கும் விற்பவையே. இதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

அருவியைத் தாண்டியபின் சாலையோரத்துச் செமாய் கிராமங்கள் வருகின்றன. மூங்கில் பரண்களில் பெத்தாய்க் காய்க் கொத்துகளும் காட்டுத் தேன் புட்டிகளும் தொங்குகின்றன. டுரியான் காலத்தில் இந்தச் சாலையே மணக்கும். வழிகாட்டியின் உறவினர்கள் இந்தப் பக்கத்தில் இருப்பதால் வேன் ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கிறது. விற்பனை நெருக்கடி எதுவும் இல்லை, படம் எடுக்குமுன் கேட்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை. ராஃப்லீசியா மலர்ந்திருக்கும் செய்தி கிடைத்தால், விருப்பமுள்ளவர்களைத் தனிக் கட்டணத்தில் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் ஏற்பாடும் இங்கிருந்துதான். ஒரு கொடியின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வாழ்ந்து, மாதக்கணக்கில் மொட்டாக வளர்ந்து, சில நாள்களே மலர்ந்திருந்து அழுகிப்போகும் மலர் அது. எப்போது மலரும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. இச்சேவையினர் அதை விளம்பரமாக்கி ஆள் சேர்ப்பதில்லை. “இருந்தால் சொல்வோம்” என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். இந்த நாணயம் பாராட்டுக்குரியது.

இந்தப் பழைய சாலைக்கு ஒரு வரலாறு உண்டு. நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறித்தார். அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் எவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925-இல் பிரிட்டிஷ் உயரதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, மலைவாழிடமாக்கலாம் என்று முடிவான பிறகு, 1926-இல் தாப்பாவிலிருந்து சாலை வெட்டத் தொடங்கினர். 1930களின் தொடக்கத்தில் அது தானா ராத்தாவை எட்டியது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மலையின் மடிப்புகளை வெட்டித் தள்ளாமல் அவற்றோடு வளைந்தே செல்வதால்தான் வயிற்றைப் புரட்டுகிறது. காட்டை இவ்வளவு அருகில் வைத்திருப்பதும் அதே காரணத்தால்தான். வாந்தி வரும் இயல்புள்ளவர்கள் முன்னிருக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்குவது நல்லது. ஓட்டுநர் நிதானமானவர். ஆனால் ரிங்லெட்டிலிருந்து இறங்கும் காய்கறி லோரிகள் அத்தகையவை என்று சொல்ல மாட்டேன்.

ரிங்லெட்டுக்குச் சற்று முன்னர் பேரா மாநிலம் முடிந்து பகாங் தொடங்குகிறது. தாய்லாந்து எல்லையிலிருந்து நெகிரி செம்பிலான் வரை ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளும் இந்தத் தொடர்தான் தீபகற்பத்தின் முதுகெலும்பு. இதன் மேற்கே விழும் மழை மலாக்கா நீரிணைக்கும், கிழக்கே விழுவது தென்சீனக் கடலுக்கும் போகிறது. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இரு நிலத்துண்டுகள் மோதி இணைந்தபோது ஆழத்தில் உருகி உறைந்த கருங்கல்லே இம்மலை; மேலிருந்த பாறைகள் அரித்துப் போனபின் வெளிப்பட்டது. அந்தக் கருங்கல் ஊடுருவிய ஓரங்களில் படிந்த வெள்ளீயம்தான் கிந்தா பள்ளத்தாக்கில் கம்பாரையும் கோப்பெங்கையும் ஊர்களாக்கியது. ஈப்போவைச் சுற்றிச் செங்குத்தாக நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள். அவற்றையும் வட்டமான தோள்களை உடைய இந்தக் கருங்கல் மலைகளையும் ஒன்றாகக் கருதிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் வேனிலேயே இருந்தனர். மாநில எல்லையில் நின்று இவற்றையெல்லாம் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார் வழிகாட்டி. வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக விளங்கியிருக்கும். இவ்வளவு சிந்தித்துப் பாதை அமைத்தவர்கள் ஒரு வரைபடத்தை அச்சிட்டுக் கொடுக்காதது புரியவில்லை.

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய மூன்று ஊர்களையும் காலையில் நிற்காமலே கடந்துவிடுகின்றனர். முதன்முறை வருவோருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் முகில் ஏறுமுன் உச்சியை அடைய வேண்டுமானால் வேறு வழியில்லை. பள்ளத்தாக்குகளில் இரவில் தங்கிய ஈரக்காற்று வெயில் ஏறஏறச் சூடாகி மேலெழுந்து, முற்பகல் முடிவதற்குள் முகடுகளை மூடிவிடுவது இங்கே வழக்கம், பிற்பகலில் மழை. பத்து மணிக்கு மேல் நிதானமாகக் கிளம்பி உச்சிக்குப் போய், “ஒன்றும் தெரியவில்லை” என்று திரும்பப் போகிறவர்களை, நாங்கள் இறங்கும்போது எதிரில் வரிசையாகப் பார்த்தோம்.

சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குள் புகுந்து ஏறும் குறுகிய தார்ச்சாலை, தேயிலை முடியும் இடத்தில் காட்டுக்குள் நுழைகிறது. அதன்பின் வருவதுதான் இப்பயணத்தின் உயிர்நாடி. சேவையினரும் அதை உணர்ந்து ஒன்றரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கியிருக்கின்றனர். 1,200 மீட்டரிலிருந்தே மெராந்தி வகைகள் விலகி, ஓக் மரங்களும் லாரல் குடும்ப மரங்களும் இடம்பிடிக்கத் தொடங்கியிருக்கும். 1,500 மீட்டருக்கு மேல் மரங்கள் குட்டையாகி, கிளைகள் முறுக்கி, இலைகள் சிறுத்துத் தடித்து, அடிமுதல் நுனிவரை பாசி போர்த்து நிற்கின்றன. கீழே நாற்பது மீட்டர் நிமிர்ந்து பார்த்த காடு இங்கே கூரைக்குக் கீழ் குனிந்து நுழையும் காடாகிவிடுகிறது.

காரணத்தை வழிகாட்டி நன்றாக விளக்கினார். ஆண்டின் பெரும்பகுதி முகிலுக்குள் இருப்பதால் வெயில் குறைவு, காற்று ஈரமானது, மண் எப்போதும் நனைந்தது. நனைந்த குளிர்மண்ணில் உதிர்ந்த இலை எளிதில் மக்குவதில்லை. கறுத்த, புளிப்பான சருகுப்படையாகக் குவிகிறது. மக்காத இலையில் அடைபட்ட சத்து மரத்துக்குத் திரும்பக் கிடைக்காமல் போவதால் மரம் வளர முடியாமல் நிற்கிறது. அதே ஈரம் பாசிக்கு விருந்து. மழை பெய்யாத நாளிலும் முகிலில் மிதக்கும் நுண்துளிகள் பாசியின் இழைகளில் சிக்கி, சேர்ந்து, சொட்டி, மண்ணுக்குள் இறங்குகின்றன. கீழே தாப்பாவுக்கு ஓடிவரும் ஆற்றில் வறண்ட மாதத்திலும் நீர் இருப்பதற்கு இக்காடும் ஒரு காரணம். எங்களோடு வந்த தெலுக் இந்தான் குடும்பத்தின் சிறுவன் மரத்துப் பாசியைப் பிழிய ஓடியபோது வழிகாட்டி தடுத்தார். தொடாமல் உள்ளங்கையை மட்டும் அருகில் கொண்டுபோகச் சொன்னார். ஒரு விரற்கடை தூரத்திலேயே குளிர்ச்சி தட்டியது.

குடுவைச் செடிகளை இங்கே தேடிக் காண வேண்டும். பலகைப் பாதையின் ஓரத்தில் பாசிக்குள் பாதி புதைந்து கிடக்கின்றன. தீபகற்பத்தின் மலைகளுக்கே உரிய வகை ஒன்று, மூடியின் அடிப்பக்கத்தில் வெண்மயிர் அடர்ந்தது, எங்களுக்குக் காணக் கிடைத்தது. மண் தராத தழைச்சத்தைப் பூச்சியின் உடலிலிருந்து எடுத்துக்கொள்ளும் செடி, சத்தில்லாத இந்த மண்ணில் செழிப்பது இயல்பே. காட்டு ரோடோடென்ட்ரான் ஒன்றும் பூத்திருந்தது. பறவைகளில், அலகின் அடியில் செந்நிற இறகுக் கொத்துடைய மலைக் குக்குறுவானின் குரலைக் கேட்டோம். சிள்வண்டு என்றே எல்லோரும் நினைத்தோம். வேகம் கூடிக்கொண்டே போய் முடியும் அந்த ஒலி ஒரு பறவையினுடையது என்று சொன்னபோது நம்பத் தயக்கமாக இருந்தது. கிளையில் பார்த்த பிறகுதான் நம்பினோம். தொலைநோக்கி ஒன்றுதான் எட்டுப் பேருக்கும். கைமாறி வந்து சேர்வதற்குள் பறவை போய்விட்டது. குறைந்தது மூன்று தொலைநோக்கிகள் வேண்டும்.

பாசிக்காட்டின் நடுவே பத்து நிமிடம் எவரும் பேசக்கூடாது என்று வழிகாட்டி கேட்டுக்கொண்டார். முதல் இரண்டு நிமிடங்கள் திறன்பேசிகள் ஒலித்தன. பின்னர் அவையும் அடங்கின. இந்தச் சேவையில் இது ஒரு பகுதி என்பதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால், சிலர் திறன்பேசியை வேனிலேயே வைத்துவிட்டு வருவார்கள்.

உச்சியை எட்டும் இடத்தில் தகவல்தொடர்புக் கோபுரங்கள் இருப்பதால், “சிகரம்” என்ற சொல் எழுப்பும் எதிர்பார்ப்பு சற்றே குலையும். காட்சிக் கோபுரத்தின் மீது ஏறினால் வடக்கே மடிப்பு மடிப்பாகத் தொடர் நீள்கிறது. அருகில் இருப்பது 2,110 மீட்டர் உயரமுள்ள குனோங் ஈராவ். அதற்கும் அப்பால், கிந்தாவின் தலைப்பக்கத்தில், 2,183 மீட்டர் உயரத்தில் குனோங் கோர்பு. தித்திவங்சாவின் மிக உயர்ந்த சிகரம் அதுவே. தீபகற்பத்திலேயே உயர்ந்தது எது என்று எங்களில் ஒருவர் கேட்டார். அது 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தஹான். ஆனால் அது வேறொரு தொடரைச் சேர்ந்தது. நான்கே மீட்டர் வேறுபாட்டில் நம் மலை இரண்டாமிடம் என்றதும், வேனில் இருந்த பேராக்காரர்கள் எல்லோருக்கும் முகம் சற்று வாடியதைக் குறிப்பிடத்தான் வேண்டும்.

இவ்வளவு தூரம் குறை சொல்ல அதிகம் இல்லை. திரும்பும் வழியில்தான் இருக்கிறது. பகல் உணவு தானா ராத்தாவில் இலைச் சோறு. கட்டணத்துக்குள் அடக்கம், நன்றாகவே இருந்தது. அதன்பின் தேயிலைத் தோட்டத்தின் காட்சி மாடம் ஒன்றில் அரைமணி நேரம். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ (BOH) தேயிலை நிறுவனத்தின் வரலாற்றையும், காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலை நட்ட தமிழர்களின் உழைப்பையும் ஓட்டுநர் உருக்கமாகவே சொன்னார். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கையால் கிள்ளிய காலம் போய், இப்போது கத்தரியும் இருவர் பிடிக்கும் இயந்திரமும் வெட்டுகின்றன. வெட்டுகிறவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பாட்டி இதையெல்லாம் கேட்டுவிட்டு எதுவும் சொல்லாமல் தேநீரில் சீனி கூடுதலாகப் போடச் சொன்னார்.

பிறகு வந்தது ஸ்ட்ராபெரிக் கடை. ஒரே கடையில் ஒரு மணி நேரம். வேனை அங்கே நிறுத்துவதில் சேவையினருக்கு ஏதேனும் வருவாய் இருக்கலாம், அதைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் மலையைக் கீழிருந்து மேல்வரை இவ்வளவு கவனமாகக் கோத்துக் காட்டியவர்கள், அந்த இழையை ஒரு கடைவாசலில் அறுத்துவிடுகிறார்கள். அங்கே வீணாகும் நேரத்தில் பாதியை ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்குத் தந்திருக்கலாம். அங்கே ஐந்தே நிமிடங்கள் நின்றோம், அதுவும் இறங்காமல். உண்மையில் இந்த மலையைப் பற்றிய மிக வியப்பான செய்திகளில் ஒன்று அந்த நீர்த்தேக்கத்தில் இருக்கிறது. 1960களில் கட்டிய சுல்தான் அபூபக்கர் அணை பெர்த்தாம் ஆற்றைத் தேக்கி, பகாங் பக்கம் போக வேண்டிய நீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பேரா பக்கம் திருப்புகிறது. அந்நீர் மலைக்குள்ளேயே அமைந்த ஜோர் மின்நிலையத்தின் சுழலிகளை ஓட்டிவிட்டு, கீழே வோ மின்நிலையத்திலும் வேலை செய்து, தாப்பாப் பக்கம் வந்து சேர்கிறது. பண்ணைகளிலிருந்து அடித்துவரப்படும் வண்டல் இத்தேக்கத்தில் நிறைந்துகொண்டே வருவதும், 2013 அக்டோபரில் கனமழைக்குப்பின் அணைநீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியானதும் இங்கே நின்று பேச வேண்டிய விடயங்கள். இயற்கைக் காட்சி என்பது பச்சையை மட்டும் பார்ப்பதாகிவிடக் கூடாது. நீரின் கலங்கலும் அதே மலையின் செய்திதான்.

இதற்கு மாறாக, ஜிம் தாம்சனுக்கு இருபது நிமிடங்கள் கிடைத்தன. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அந்த அமெரிக்கர் 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தா அருகே உலாவச் சென்றவர் திரும்பவே இல்லை என்பது உலகறிந்தது. ஓட்டுநர் அண்ணன் சொல்லும் கதையில் புலி, ஒற்றர், பேய் என எல்லாரும் வருகிறார்கள். அவருக்கு அதில் தனி இன்பம் என்பதால் தடுக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் கைதட்டவும் செய்தனர்.

கடைசி நிறுத்தமான கோலா வோவில் நேரத் திட்டம் முற்றிலும் பிழையாகிவிட்டது. தாப்பாவிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள அங்கே வெந்நீர் ஊற்று கசியும் கரைகளில், கறுப்புச் சிறகில் ஒளிரும் பச்சைப் பற்கள் வரிசையிட்ட ராஜா புரூக் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக இறங்கி உப்புச்சத்து உறிஞ்சும். இறங்குபவை ஆண் பூச்சிகளே. சரவாக் ஆட்சியாளர் ஜேம்ஸ் புரூக்கின் பெயரை 1855-இல் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் இதற்கு இட்டார். நாட்டின் பட்டாம்பூச்சி என்று போற்றப்படும் இதைக் காண உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். தாப்பாக்காரர்களில் பார்த்தவர்கள் எத்தனை பேரோ. ஆனால் இவை வெயிலின் பிள்ளைகள். ஐந்து மணிக்கு, மலைநிழல் ஆற்றில் விழுந்தபின், மழைத்தூறலோடு போய் நின்றால் வெந்நீரின் ஆவி மட்டுமே தெரியும். எங்களுக்குத் தெரிந்ததும் அதுதான். ஸ்ட்ராபெரிக் கடையை விட்டால்கூட இந்தப் பயணத்தில் கோலா வோவைச் சரியான நேரத்துக்குள் அடக்க முடியாது. முற்பகலில் உச்சியிலும் நண்பகலில் அடிவாரத்திலும் ஒரே நாளில் நிற்க இயலாது என்பதைச் சேவையினர் ஒப்புக்கொண்டு, இதைத் தனியான அரைநாள் பயணமாக்குவதே முறை. இப்படிச் சொன்னபோது வழிகாட்டி மறுக்கவில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. முதல்நாள் இரவு கனமழை பெய்திருந்தால் பயணத்தை நிறுத்தி, முன்பணத்தைத் திருப்பித் தருகிறார்கள் அல்லது வேறு நாளுக்கு மாற்றுகிறார்கள். இது மிகையான எச்சரிக்கை என்று எண்ணுவோருக்கு 1996 ஆகஸ்ட் 29 நினைவிருக்க வேண்டும்: கம்பார் அருகே, இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள போஸ் டிபாங் பூர்வக்குடிக் கிராமத்தைச் சேற்று வெள்ளம் அடித்துச் சென்று 44 பேர் மாண்டனர். வழிகாட்டியின் சமூகத்தார் அதை மறக்கவில்லை. அவரும் மழைமேகத்தைக் கண்டால் பேரம் பேச இடமளிப்பதில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பலகைப் பாதை வழுக்கும், ஆகவே பிடிமானமுள்ள காலணி கட்டாயம். அட்டைகள் உண்டு. மழைச்சட்டை அவர்களே தருகிறார்கள், ஆனால் குளிருக்கான மேலாடை நீங்களே கொண்டுவர வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்கள் காட்சிக் கோபுரத்தைத் தவிர்த்துவிடலாம். பாட்டி அப்படித்தான் செய்தார், காட்டை எங்களைவிட அதிகமாகவே பார்த்தார். பாசிக்காட்டுக்கு அனுமதி தேவை, அதைச் சேவையினரே பெற்றுவிடுகின்றனர்; சில வேளைகளில் வனத்துறை அப்பகுதியை மூடிவைப்பதும் உண்டு என்பதால் உறுதிப்படுத்தியபின் பணம் கட்டுங்கள். மழை குறைந்த சனவரி, பிப்ரவரி மாதங்கள் காட்சிக்கு நல்லவை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழைதான் மிகுதி. முன்பதிவு புலனம் (வாட்ஸ்அப்) வழியாக மட்டும், அதுவும் பதில் வர இரண்டொரு நாள் ஆகும், ஏனெனில் இருவரும் மலையில் இருப்பார்கள். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் வேன் ஓடுவதில்லை. அந்த நாள்களில் பிரிஞ்சாங்கைக் கடப்பதற்குள் முகில் ஏறிவிடும் என்று ஓட்டுநர் சொல்கிறார்.